ஈ.எஸ்.பி.யில் ஸ்பார்க் வந்தால் செட்டிங்கைக் குறைக்கலாமா?

கேள்வி: சர்க்கரை ஆலை பாய்லரில் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் நான். கரும்புச் சக்கையும் நிலக்கரியும் எரிக்கிறோம். புகையிலுள்ள தூசியை மின்சாரத்தால் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யில், புகை முதலில் நுழையும் பகுதியான முதல் ஃபீல்டில் ஓயாமல் ஸ்பார்க், உயர் வோல்டேஜ் கம்பி இரண்டு முறை அறுந்துவிட்டது. ஸ்பார்க்கே வராதபடி செட்டிங்கைக் குறைக்கச் சொல்கிறார் மேனேஜர். ஏஜென்ட் ஹை ஃப்ரீக்வென்சி பவர் சப்ளைக்கு மாற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது சார்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

ஸ்பார்க் விழும் விளிம்புவரை வோல்டேஜ் ஏறினால்தான் தூசி ஒழுங்காகப் பிடிபடும், அதனால் முதல் ஃபீல்டில் அவ்வப்போது ஸ்பார்க் அடிப்பது சகஜம். கம்பியை அரிப்பது, விழுந்த ஸ்பார்க் அணையாமல் ஆர்க்காக நிற்பதும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதும்தான். உங்களிடம் இப்போதிருக்கும் தைரிஸ்டர் வகை பவர் சப்ளையில் மின்சாரத்தின் ஒரு அரைச் சுற்று தொடங்கிவிட்டால் 10 மில்லி செகண்ட் வரை நிறுத்த வழியில்லை. அதற்கடுத்த அரைச் சுற்றைக் கன்ட்ரோலர் தடுத்துவிட்டு, சற்றுக் குறைந்த வோல்டேஜிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அது நடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் அறுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் குழி குழியாக உருகியிருந்தால் அங்கே தூசி படியும் பிளேட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி குறைந்திருக்கிறது. மேலே மாட்டும் கொக்கியருகே உருகாமல் வெடுக்கென்று முறிந்திருந்தால் அது ராப்பிங் (படிந்த தூசியை உதிர்க்கத் தட்டுவது) அதிர்வில் வந்த முறிவு, ஸ்பார்க்கைக் குறை சொல்லாதீர்கள். கீழ்நுனியில் கருகியிருந்தால் அடியில் சாம்பல் சேரும் ஹாப்பரைத் திறந்து பாருங்கள். சக்கைச் சாம்பல் லேசானது, பாலம் கட்டி நின்று கம்பி வரை ஏறிவிடும், எரியாத கரி கலந்திருந்தால் தீயே பிடிக்கும்.

ஏஜென்ட் சொல்லும் சப்ளை நல்ல சரக்குதான், ஸ்பார்க் விழுந்ததும் மைக்ரோ செகண்டுகளில் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆனால் 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 110 ஆகியிருந்தால், எந்தப் பெட்டியை மாட்டினாலும் அதே இடத்தில்தான் அடிக்கும். இவர்கள் யாரும் உள்ளே இறங்கி அளப்பதில்லை, பேனலைப் பார்த்தே கொட்டேஷன் போடுகிறார்கள். அடுத்த ஷட்டவுனில் உள்ளே அளந்து, சுத்தம் செய்து, கதவை மூடி, புகை இல்லாமல் வெறும் காற்றில் ஒவ்வொரு ஃபீல்டாக ஏற்றி கிலோவோல்ட், மில்லி ஆம்பியர் குறித்துக்கொள்ளுங்கள். காற்றிலேயே சீக்கிரம் அடித்தால் கோளாறு இடைவெளியிலோ இன்சுலேட்டரிலோ. இதற்கு ஒரு நாள் போதும், அந்த ஒரு நாளைத்தான் நிர்வாகம் தருவதில்லை! லட்சக்கணக்கில் பர்ச்சேஸ் ஆர்டர் போட மட்டும் உடனே கையெழுத்தாகிறது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நிலக்கரி அதிகம் எரிக்கும் நாட்களில், அதுவும் கந்தகம் குறைந்த கரியானால், பிளேட்டில் படியும் சாம்பல் மின்சாரத்தை எளிதில் விடாது. அந்தப் படலத்துக்குள்ளேயே மின்முறிவு வந்து பிளேட் பக்கத்திலிருந்து எதிர் அயனிகள் கிளம்பும். பேக் கொரோனா என்பது இதுதான். ஸ்பார்க் அதிகம் இல்லாமலேகூட இது வரும், மில்லி ஆம்பியர் தாராளமாக ஓடும், பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், புகைபோக்கியில் மட்டும் தூசி போகும். கரண்டை ஏற்ற ஏற்ற வோல்டேஜ் உயராமல் பின்னுக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது கரண்டைக் குறைக்கத்தான் வேண்டும், கன்ட்ரோலரில் வசதி இருந்தால் விட்டுவிட்டுச் சார்ஜ் கொடுக்கும் முறைக்கு மாற்றுங்கள். மேனேஜர் சொன்னது பொருந்துவது இந்த நிலையில்தான்.

இன்சுலேட்டர் ஹீட்டரைப் பாய்லர் பற்றவைக்கும் முன்பே பல மணி நேரம் ஓட விடுங்கள், ஈரம் படிந்தால் விரிசல் விடும். உள்ளே இறங்குமுன் எர்த் ராடு மாட்டாமல் கம்பியைத் தொடவே கூடாது, சப்ளையை நிறுத்திய பிறகும் சார்ஜ் மிச்சம் இருக்கும்.