பிளேனர் மேல பெயிண்ட் டப்பா

அன்புள்ள சார்,

அப்பாவோட லேத் பட்டறைய மூடி ஆறு வருஷம் ஆச்சு. இரும்பை சீவி மட்டமாக்கற ஆறடி பிளேனிங் மிஷின் ஒண்ணு மட்டும் விக்காம கிடக்கு, இப்ப அது பெயிண்ட் டப்பா அடுக்கி வைக்கத்தான் ஆகுது. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்குல கேக்கறார். நான் அதை மரக்கதவுல டிசைன் போடுற, கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி ரூட்டரா மாத்தலாம்னு இருக்கேன். ரெண்டு தூணையும் கேஸ் கட்டிங்ல எடுத்துட்டு, அடியில இருக்குற பெட்ல டேபிள் வழுக்கி ஓடற ஸ்லைடை கிரைண்டர் போட்டு மட்டம் பண்ணி ரயில் மாட்டலாமா, இல்ல டேபிளையே ஸ்டெப்பர் மோட்டார் வெச்சு ஓட்டலாமா? அதை ஓட்டற சாஃப்ட்வேர்ல மாக்3 நல்லதா லினக்ஸ்சிஎன்சி நல்லதா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இது ஒட்டுப்போட்ட வேலைனு சிரிக்கறாங்க. அப்பாகிட்ட சொன்னா எந்திரிச்சு வெளிய போயிடறார். எல்லாம் வெறும் இரும்புதானே சார்?

பல்லடத்துல இருந்து ஒரு வாசகர்

தம்பி,

உங்க லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு. தினமும் ஒரு தடவை திறந்து பாத்துட்டு மூடிடறேன், ஏன்னா அந்த கடைசி வரிக்கு வந்ததும் கோவம் வந்துடுது. கோவத்துல எழுத வேண்டாம்னு இருந்தேன், இன்னிக்கும் குறையல, அதனால எழுதிடறேன்.

மாக்3யா லினக்ஸ்சிஎன்சியாங்கறதுக்கு சண்டை போட வேற ஆளுங்க நெறைய இருக்காங்க, அவங்ககிட்ட கேளுங்க. சிரிக்கற ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடுங்க. 1952ல அமெரிக்காவுல எம்ஐடி காலேஜ்ல உலகத்துக்கு முதல்முதல்ல காட்டுன என்சி மிஷின், சிஎன்சிக்கு முன்னோடி, இருக்குதே, அது சின்சினாட்டி ஹைட்ரோடெல்னு ஏற்கனவே இருந்த ஒரு மில்லிங் மிஷின்தான், அதைத்தான் மாத்தி அமைச்சு, பழைய ரேடியோல வர்ற மாதிரி 292 வால்வு வெச்ச கண்ட்ரோல் பெட்டிய பக்கத்துல நிறுத்தி, ஓட்டை போட்ட பேப்பர் டேப்பை படிக்க வெச்சு ஓட்டுனாங்க. ஆக இந்த தொழிலே ஒட்டுப்போட்ட வேலைல பொறந்ததுதான். சிரிச்சா சிரிக்கட்டும்.

இப்ப கேஸ் கட்டிங்குக்கு வருவோம். அறிவு இருக்குதுங்களா தம்பி? வார்ப்பிரும்பு கேஸ்ல ஒழுங்கா அறுபடாது, உருகி கன்னாபின்னானு வழியும், சூட்டுல பக்கத்துல விரிசல் விடும், அப்புறம் வெல்டிங் வெச்சாலும் நிக்காது. அந்த தூணு ரெண்டும் போல்ட் போட்டுத்தான் நிக்குது. டீசல் ஊத்தி ஊறவெச்சு, பெரிய ஸ்பேனர்ல பைப் சொருகி திருப்புனா வந்துடும். ரெண்டு நாள் ஆகும், ஆகட்டுமே.

டேபிளை ஓட்டறது அடுத்த கூத்து. ஆறடி டேபிள் குறைஞ்சது அரை டன் வரும். பிளேனருக்கு அது சரி, நிதானமா ஒரே கோட்டுல போகும், வரும். ரூட்டர் அப்படியா? பூ டிசைன் போடறப்ப நொடிக்கு நாலு தடவை திரும்பணும். அரை டன்னை அப்படி திருப்ப உங்க ஸ்டெப்பர் மோட்டாரால ஆகாது, அடி அடியா திரும்பற மோட்டார் அது, நடுவுல ஸ்டெப் விட்டுடும், டிசைன் இடம் மாறிடும், நீங்க சாஃப்ட்வேரை திட்டிட்டு உக்காந்திருப்பீங்க. கனம் வேணும்தான், ஆனா அது நிக்கறதுல இருக்கணும், ஓடறதுல இருக்கக்கூடாது. வார்ப்பிரும்புக்குள்ள கிராஃபைட் செதில் செதிலா கலந்து கிடக்கறதால அதிர்வை அப்படியே முழுங்கிடும், 24000 ஆர்பிஎம்ல, வெட்டற பிட்டை சுத்தற ஸ்பிண்டில் கத்தறப்ப கீழ அப்படி ஒண்ணு படுத்திருக்கறதுதான் உங்களுக்கு லாபம். அதனால டேபிளை பெட்டோட சேத்து இறுக்கிடுங்க, அது நகரவே வேண்டாம். பெட்டோட ரெண்டு பக்கவாட்டுலயும் லீனியர் ரயில் மாட்டி, அது மேல பாலம் மாதிரி லேசா ஒரு கேன்ட்ரி ஓடட்டும். ரயில் உக்கார்ற இடம் மட்டமில்லைன்னா எபாக்ஸி ஊத்தி மட்டம் பண்ணலாம். மேல இருக்குற வி ஸ்லைடை தொட வேண்டிய வேலையே இல்ல.

தொடாதீங்கன்னு இதுக்கு மேல எப்படி சொல்றதுனு தெரியல.

எங்க பெரியப்பா ஒரு மிஷின் கம்பெனில ஸ்கிரேப்பிங் ஃபிட்டரா இருந்தாருங்க. பழைய அரத்தோட நுனிய தீட்டி அவரே ஸ்கிரேப்பர் செஞ்சுக்குவார். துல்லியமா மட்டமான சர்ஃபேஸ் பிளேட்ல ப்ளூங்கற நீல மை தடவி, அதை ஸ்லைடு மேல வெச்சு தேய்ச்சா மேடு இருக்குற இடத்துல மட்டும் நீலம் ஒட்டும், அந்த நீலத்தை மட்டும் சுரண்டணும், மறுபடி தடவணும், மறுபடி சுரண்டணும், ஒரு இஞ்ச் சதுரத்துல இருபது புள்ளி தெரியற வரைக்கும் இதேதான் வேலை. நடுவுல இருக்குற குழில எண்ணெய் நிக்கும், அதுலதான் ஸ்லைடு வழுக்கும். ஒரு ஸ்லைடுக்கு அஞ்சாறு நாள் போயிடும். இடுப்புல வெச்சு தள்ளித் தள்ளி அவருக்கு வலது பக்க இடுப்பு காய்ச்சு போயிருந்துச்சு. கல்யாணத்துக்கு வந்தாலும் நகக்கண்ணுல நீலம் இருக்கும், பெரியம்மா திட்டிட்டே இருப்பாங்க.

2009ல நான் உக்கடத்துல பழைய மில்லிங் மிஷின் ஒண்ணை எடைக்கு வாங்கிட்டு வந்தேன். உங்களை மாதிரியேதான், சிஎன்சி ஆக்கறேன்னு. ஸ்லைடு துரு புடிச்சிருந்துச்சு. ஆங்கிள் கிரைண்டர்ல டிஸ்க்கை மாட்டி அரை நாள்ல பளபளன்னு ஆக்கிட்டேன், போட்டோ எல்லாம் எடுத்தேன். சாயங்காலம் பெரியப்பா வந்தார். துண்டால கைய துடைச்சுட்டு, உள்ளங்கைய அந்த ஸ்லைடு மேல வெச்சு ஒரு முனைல இருந்து மறுமுனை வரைக்கும் மெதுவா இழுத்தார். “யாரு பண்ணுனது?”ன்னார். நான்தானுங்க பெரியப்பான்னேன். ஒண்ணும் சொல்லல. டீ குடிச்சார், ஊர்ல மழை இல்லைன்னார், கிளம்பிட்டார்.

பிற்பாடு மேடு பள்ளம் அளக்கற டயல் கேஜ் வெச்சு பாத்தேன், எட்டு பத்துனு முள்ளு ஆடுச்சு. மைக்ரான் இல்லைங்க, ஒரு மில்லிமீட்டரை நூறாக்குனா அதுல எட்டு பத்து பங்கு. துரு அவ்வளவு தின்னிருக்காது, நான்தான் தின்னிருக்கேன். அந்த மிஷின் கடைசில எடைக்கே போச்சு. திருப்பி ஸ்கிரேப் பண்ணித் தாங்கன்னு பெரியப்பாகிட்ட கேக்க எனக்கு வாய் வரல, அதுக்கப்புறம் ரெண்டே வருஷம்தான் இருந்தார்.

உங்க அப்பா எந்திரிச்சு போறார்னு எழுதியிருக்கீங்க. அவர் எதுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன் தம்பி.

முதல்ல அந்த பெயிண்ட் டப்பா எல்லாத்தையும் எடுத்து கீழ வைங்க. டேபிளை மண்ணெண்ணெய் போட்டு துடைச்சு, எண்ணெய் தடவி வைங்க. அப்புறம் மாக்3 பத்தி எல்லாம் பேசாம, இந்த பெட்ல எந்த பக்கம் தேய்மானம் ஜாஸ்திங்கப்பான்னு மட்டும் கேளுங்க. டயல் கேஜ் அவர் பீரோவுல இருக்கும், அநேகமா அதே மரப்பெட்டிலதான். அவர் வெச்சு பாத்து சொல்ற எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்க.