படிப்பு முடியும் நேரத்தில் நண்பருடன் ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றுவது நேர விரயமா?

கேள்வி: கல்லூரியில் கடைசி வருடம். அடுத்து என்ன என்று நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது. ஒரு நாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு நகரத்தைச் சுற்றலாம், நடந்துகொண்டே பேசலாம் என்று நெருங்கிய நண்பர் கூப்பிடுகிறார். இந்த நேரத்தில் இது தேவையா?

தேவைதான், போய்வாருங்கள். ஆனால் மாலைக்குள் ஒரு முடிவோடு திரும்ப வேண்டும் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் முடிவு கிடைக்காது. எதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது தெரியவரும். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

நானும் இறுதியாண்டுதான், மின் பொறியியல். என் தோழி பொருளாதாரம் படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். தேர்வுகள் முடிந்து, வேலைக்கான நேர்காணல்கள் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. அதில் ஒரு வேலை நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். வேலை நாள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். விடுமுறை நாளில் போனால் நம்மைப் போலச் சுற்ற வந்தவர்களைத்தான் பார்ப்போம். வேலை நாளில் போனால் ஊரை யார் யாரெல்லாம் ஓட்டுகிறார்கள் என்று கண்ணெதிரே தெரியும். எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிற மாணவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதல் இரண்டு மணி நேரம் எதிர்காலம் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யாருக்கு யாரோடு சண்டை, எந்தப் பேராசிரியர் எப்படி என்று ஏதேதோ பேசிக்கொண்டு நடந்தோம். அந்தப் பேச்சும் வேண்டும். நேராக "சரி, உன் திட்டம் என்ன?" என்று ஆரம்பித்திருந்தால் இருவரும் நேர்காணலில் சொல்கிற பதிலையே ஒப்பித்திருப்போம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பாதியில் பேச்சு நின்றாலும் சங்கடமாக இருக்காது, சாலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது வராத விஷயங்கள் அப்படி நடக்கும்போது தானாக வருகின்றன.

நடைபாதையில் மேடு மேடாகக் கோடும் புள்ளியும் உள்ள மஞ்சள் ஓடுகள் பதித்திருந்தார்கள். பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழி கண்டுபிடிப்பதற்கானவை. "இதையெல்லாம் யார் யோசிச்சிருப்பாங்க?" என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜப்பானில் மியாகே செய்இச்சி என்பவர் 1965-இல் உருவாக்கியது இது. பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு நண்பருக்காக யோசித்தார் என்று சொல்வார்கள். 1967-இல் ஒகயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கிறது.

அங்கிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கண்ணில் படுகிற எதையாவது ஒருவர் காட்ட வேண்டும். அதன் பின்னால் யாருடைய வேலை இருக்கிறது என்று மற்றவர் சொல்ல வேண்டும். மரக் கிளையை எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்கிறவர், பேருந்து கால அட்டவணை போடுகிறவர், பழைய கட்டடத்தின் விரிசலை அளக்கிறவர், பாலத்துக்கு அடியில் குழாயில் ஏறி நின்று எதையோ தட்டிப் பார்க்கிறவர். எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு என்று பேசினால் விரல்விட்டு எண்ணக்கூடிய பதவிப் பெயர்கள்தான் வரும். ஒரு தெருவை நடந்து முடிப்பதற்குள் அதைவிட நிறைய வேலைகளை எங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். இன்னொன்றும் புரிந்தது. இவர்களில் பலர் படித்த படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் நேர்க்கோடு போட முடியாது. லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடத்தை வரைந்த ஹாரி பெக், மின்சுற்றுப் படங்கள் வரைகிற வேலையில் இருந்தவர். தன் சொந்த நேரத்தில் வரைந்து கொடுத்தார். முதலில் ஏற்கத் தயங்கினார்கள், 1933-இல் அச்சிட்டார்கள். தூரத்தைச் சரியான அளவில் காட்டாமல், எந்த நிலையம் எதோடு இணைகிறது என்பதை மட்டும் காட்டுகிற அந்தப் பாணியைத்தான் இப்போது உலகின் பெரும்பாலான மெட்ரோ வரைபடங்களில் பார்க்கிறோம். மின் பொறியியல் படிக்கிற எனக்கு அதைச் சொல்லும்போதே ஒரு தெம்பு வந்தது.

அந்த நாளின் முக்கியமான விஷயம் ஒரு சாலைச் சந்திப்பில் நடந்தது.

பாதசாரிகளுக்குப் பச்சை விழுந்தது. எங்களோடு ஒரு முதிய பெண்மணியும் இறங்கினார். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டோம். அவர் நடுவில் இருக்கும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. வண்டிகள் உறுமத் தொடங்கின. ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி அவரைக் கடக்கவைத்தார். நான் அங்கேயே நின்று தோழியிடம் பேச ஆரம்பித்தேன். சாலையைக் கடக்க எத்தனை நொடி கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவின் வழிகாட்டு விதிகளில் 2009-இல் அதைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஆண்களின் சராசரி நடை வேகம் 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. சாலையின் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 கணக்குப்படி 10 நொடி போதும். 0.8 வேகத்தில் நடக்கிறவருக்கு 15 நொடி வேண்டும். மீதி 5 நொடியை அவருக்கு யார் கொடுப்பது? அதைக் கூட்டினால் பின்னால் நிற்கிற பேருந்தில் உள்ள அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும், அதை எப்படிச் சமாளிப்பது? மெதுவாக நடக்கிறவரைக் கண்டுபிடித்துப் பச்சையை நீட்டித் தருகிற உணரிகள் இருக்கின்றன, அவை ஏன் எல்லாச் சந்திப்பிலும் இல்லை?

நான் மூச்சுவிட நிறுத்தியபோது அவள் சொன்னாள்: "கவனிச்சியா? காலையிலிருந்து எதைப் பத்திப் பேசினாலும் நடந்துக்கிட்டேதான் பேசுற. இதைப் பேசும்போது மட்டும் நின்னுட்ட."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். மென்பொருள் நிறுவன வேலையைப் பற்றி நான் பேசியபோது என் நடை வேகம் கூடியதாம், அந்தப் பேச்சைச் சீக்கிரம் கடந்துவிடப் பார்க்கிற மாதிரி. எனக்கு அது தெரியவே இல்லை. தனியாக அறையில் உட்கார்ந்து, சாதகம் பாதகம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது. நான் எழுதுகிற பட்டியலில் சம்பளம் வரும், பாதுகாப்பு வரும், வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது வரும். எங்கே நின்றுவிடுகிறேன் என்பது வராது.

அவளைப் பற்றி நான் கவனித்ததையும் சொன்னேன். மேற்படிப்பைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் பேராசிரியர் சொன்னார், அப்பா சொன்னார், கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் போகிறார்கள் என்றுதான் வந்தது. போன வருடம் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்ச் செலவு விவரம் கேட்டதைச் சொல்லும்போது மட்டும் "நான் பார்த்தேன்", "எனக்குச் சந்தேகம் வந்தது" என்று பேசினாள். கேட்டுவிட்டு வெகுதூரம் பேசாமலே நடந்தாள். நானும் பேசவில்லை.

நடைக்கும் யோசனைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிலி ஓபெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கலந்துகொண்டவர்கள் 176 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். நடக்கும்போது புதிய யோசனைகள் கணிசமாகக் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் (டிரெட்மில்) நடந்தபோதும் கூடின. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பலன் கொஞ்ச நேரம் நீடித்தது. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் மறுபக்கத்தை அதிகம் பேர் சொல்வதில்லை: ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். முடிவை எதிர்பார்த்துக் கிளம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வழிகளைக் கூட்டிக்கொள்வதற்கு நடக்கலாம். அவற்றைக் கழித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேறொரு நாள் நாற்காலியில் உட்காருங்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு பூங்காவில் உட்கார்ந்தோம். கால் வலித்தது, அதனால் பேச்சும் நடைமுறைக்கு வந்தது. ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே நுழைவுத் தேர்வுக்குத் தயாராவேன், மூன்று மாதம் போதும் என்றாள். ஆறு மாதமாவது ஆகும் என்றேன், எனக்கு அது உடனே தெரிந்தது. என் இறுதியாண்டுத் திட்டப்பணி எப்போது முடியும் என்று நான் சொன்ன தேதியைக் கேட்டு, அதற்குள் முடியாது என்று அவளும் தலையாட்டினாள். இதிலும் ஆய்வு இருக்கிறது. ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்டது. ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். சுவாரசியமான பகுதி இனிமேல்தான்: அடுத்தவருடைய வேலை எப்போது முடியும் என்று கணிக்கச் சொன்னால் நமக்கு அந்த அதீத நம்பிக்கை இருப்பதில்லை. அதனால் உங்கள் திட்டத்துக்கு எவ்வளவு காலமாகும் என்று நண்பரைக் கேளுங்கள். அவர் சொல்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனம் சுருங்கும், பரவாயில்லை.

நண்பர் எந்த அளவுக்கு உதவ முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஐன்ஸ்டைனின் இளமைக் காலத்தை நினைவுபடுத்துவேன். 1900-இல் படிப்பை முடித்தவருக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் நிரந்தர வேலை இல்லை. கூடப் படித்த மார்செல் கிராஸ்மான் தன் அப்பாவிடம் சொல்லி, அவர் வழியாகத்தான் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் 1902-இல் இடம் கிடைத்தது. அங்கே உடன் வேலை பார்த்த மிக்கேலே பெஸ்ஸோ இன்னொரு நண்பர். 1905-இல் சார்பியல் பற்றிய சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பெஸ்ஸோவிடம் போய் எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார். அடுத்த நாள் விடை கிடைத்திருந்தது. அந்த விடையை அவர் எழுதி வெளியிட்ட கட்டுரையின் கடைசியில் பெஸ்ஸோவுக்கு மட்டும் பெயர் சொல்லி நன்றி இருக்கிறது. ஒருவர் காது கொடுத்தார், இன்னொருவர் கதவைத் திறந்துவிட்டார். நண்பரிடம் போகும்போது இரண்டையும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

எனக்கும் அன்று இரண்டும் கிடைத்தன. திரும்பும் பேருந்தில் என் தோழிக்கு ஒரு அக்கா நினைவுக்கு வந்தார், அவளுடைய கல்லூரியில் முன்பு படித்தவர், இப்போது போக்குவரத்துத் திட்டமிடல் துறையில் இருக்கிறார். இறங்குவதற்குள் எண் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அந்த வார இறுதியில் பேசினேன். எந்த மேற்படிப்பு நல்லது என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "முதல்ல ஒரு சந்திப்புல போய் ஒரு மணி நேரம் நில்லும்மா. கடக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் எத்தனை நொடி ஆகுதுன்னு எழுது. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா பேசலாம்" என்றார். போய் நின்றேன், எழுதினேன். வெயிலும் புகையும் இருந்தும் சலிக்கவில்லை. இப்போது சிவில் துறையில் போக்குவரத்துப் பாடம் ஒன்றைக் கூடுதலாக எடுத்திருக்கிறேன். நேர்காணல்களுக்கும் போகிறேன், மென்பொருள் வேலை கிடைத்தால் சேருவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் மேற்படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு, களக் கணக்கெடுப்பு நடத்துகிற அமைப்புகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் கிளம்புவதாக இருந்தால், முடிந்தவரை வேறு துறையில் படிக்கிற நண்பரோடு போங்கள். ஒரே துறை என்றால் யார் எந்த நிறுவனத்தில் சேர்ந்தார்கள் என்பதிலேயே பாதி நாள் போய்விடும், ஒப்பிட்டுப் பார்க்கிற எண்ணமும் வந்துவிடும். கைபேசியைப் பைக்குள் வையுங்கள், குறிப்பெடுக்கக்கூட எடுக்காதீர்கள். குறிப்பெடுக்கத் தொடங்கியதும் பேச்சு கூட்டம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும். நினைவில் நிற்பதை மறுநாள் காலையில் எழுதினால் போதும். உங்களைப் பற்றி நண்பர் கவனித்துச் சொன்னதை முதல் வரியாக எழுதுங்கள், அதுதான் சீக்கிரம் மறந்துபோகும்.