ஆடி ஏ4 1.8 டிஎஃப்எஸ்ஐ: ஆயில் குறைவதற்கு டர்போ காரணமா?

நண்பரே, 2011 மாடல், 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது, கீழே சொட்டு இல்லை, மெக்கானிக் டர்போவை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். டர்போவில் இப்போதே கை வைக்காதீர்கள்.

உங்களுடையது ஈஏ888 இரண்டாம் தலைமுறை எஞ்சின், 1,798 சிசி. இதன் பலவீனம் ஊரறிந்தது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் மெலிசு, பிஸ்டனில் ஆயில் வடியும் துளைகள் சிறியவை. கார்பன் அடைத்துவிட்டால் வழித்தெடுக்க வேண்டிய ஆயில் சிலிண்டரில் தங்கி எரிந்துபோகும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் சரியாக வந்தால் ஏமாறாதீர்கள்; கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள்தான்.

முதலில் செலவு குறைந்த பிசிவி வால்வு, அதாவது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு. ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் ஓடும்போது) ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். விடாமல் உள்ளே இழுத்துப் பிடித்தாலோ விசில் சத்தம் கேட்டாலோ வால்வுக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கும், வால்வை மாற்றுங்கள். பிறகு ஃபோக்ஸ்வேகனின் விடபிள்யூ 502 00 தரத்தில் 5டபிள்யூ-40 ஆயில் ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டி அளந்து பாருங்கள். கம்பெனியே அரை லிட்டர் வரை சகஜம் என்கிறது (தாராள மனசு!). அதைத் தாண்டினால் ரிங்தான்.

ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. திருத்திய வடிவப் பிஸ்டன், ரிங் செட்டாகவே போட வேண்டும். புதுப்பேட்டைப் பழைய பிஸ்டன் வேண்டவே வேண்டாம், அதிலும் அதே துளைதான். எஞ்சினைப் பிரிக்கும்போது டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள். பழைய வடிவம் என்றால் உடனே மாற்றுங்கள். அது விட்டுக்கொடுத்தால் செயின் நழுவி வால்வுகள் வளைந்துவிடும்.