மென்பொருள் கையேட்டை அச்சிடும்போது அதில் உள்ள இணைப்புகளை என்ன செய்வது?

இணைப்பு என்பது ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முகவரி. திரையில் அதைச் சொடுக்கினால் உலாவி அழைத்துப் போய்விடும். தாளில் சொல் மட்டும்தான் அச்சாகும், முகவரி வராது. வாட்ஸ்அப்பில் மண்டபத்தின் லொகேஷனை அனுப்பினால் போதும், கல்யாணப் பத்திரிகையில் தெருப் பெயரை அச்சடித்தே ஆக வேண்டும் இல்லையா, அதே கதைதான்.

அதே கையேட்டின் வேறு பகுதிக்குப் போகும் இணைப்பு என்றால் தலைப்பும் பக்க எண்ணும் கொடுங்கள்: “நிறுவுதல், பக்கம் 42”. வெளித்தளம் என்றால் முகவரி அடிக்குறிப்பில் போகட்டும். ஆனால் இதைக் கையால் செய்யாதீர்கள், நடுவில் ஒரு பத்தி சேர்ந்தாலே பக்க எண்கள் நகர்ந்துவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியின் ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவியில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. ஒரே மூலக் கோப்பிலிருந்து இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் எடுக்கலாம், பிடிஎஃப்பில் மட்டும் முகவரியை அடிக்குறிப்பாகவோ வரிக்குள்ளேயோ காட்டச் சொல்லலாம், பக்க எண்ணையும் சேர்க்கலாம். அப்புறம், “இங்கே சொடுக்கவும்” என்பதைத் திரை, தாள் இரண்டு வடிவத்திலுமே தவிர்ப்பது நல்லது.

பிடிஎஃப்பில் இணைப்பு வேலை செய்கிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். திரையில் படிப்பவருக்குப் போதும், அதைத் தாளில் எடுத்துப் படிப்பவருக்குப் போதாது.