மிகேல் பிழைத்திருந்தால்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஐரோப்பிய அரச குலங்களை வைத்து மாற்று வரலாற்று நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1500இல் இரண்டு வயது நிறையும் முன்பே இறந்துபோன போர்ச்சுக்கல் இளவரசன் மிகேல் என் கதையில் பிழைத்துக்கொள்கிறான். அதனால் ஸ்பெயினும் போர்ச்சுக்கல்லும் ஒரே பேரரசாகின்றன. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குலம் தலையெடுக்கவில்லை. இங்கிலாந்து கத்தோலிக்க நாடாகவே நீடிக்கிறது. நான்கு தலைமுறைகளுக்கான வம்சாவளியை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆனால் கதை முதல் அத்தியாயத்தைத் தாண்ட மறுக்கிறது. தவறு எங்கே?

ர.

அன்புள்ள ர.,

பிழைக்க வைப்பதற்கு இவனைவிடப் பொருத்தமான குழந்தை ஐரோப்பிய வரலாற்றில் அதிகம் இல்லை. சிக்கல், நீங்கள் அவனைப் பிழைக்க வைத்த கையோடு காஸ்டில், அரகான், போர்ச்சுக்கல் என்ற மூன்று நாடுகளையும் அவன் காலடியில் கொண்டுவந்து போட்டுவிட்டதில் இருக்கிறது.

அவன் எப்படி வாரிசானான் என்பதிலிருந்தே தொடங்கலாம். ஸ்பெயினின் இரு அரசுகளான அரகானையும் காஸ்டிலையும் முறையே ஆண்ட ஃபெர்டினாண்ட், இசபெல்லா தம்பதியரின் ஒரே மகன் ஹுவான் 1497 அக்டோபரில் இறந்தான். அவன் மனைவிக்குப் பிறந்த குழந்தையும் உயிரோடு பிறக்கவில்லை. வாரிசுரிமை மூத்த மகளுக்கு, அதாவது போர்ச்சுக்கல் மன்னர் மனுவேலின் மனைவியான இளைய இசபெல்லாவுக்கு வந்தது. காஸ்டில் அவளை ஏற்றுக்கொண்டது. அரகானின் கோர்த்தெஸ் எனும் பிரதிநிதிகள் அவையோ, ஒரு பெண்ணை வாரிசாக ஏற்று உறுதிமொழி எடுப்பதா என்று இழுத்தடித்தது. அந்த வாதம் முடிவதற்குள், 1498 ஆகஸ்டில், அவை கூடியிருந்த ஸரகோஸா நகரிலேயே அவள் மிகேலைப் பெற்றுவிட்டு இறந்தாள். தாயை ஏற்கத் தயங்கிய அதே அவை, ஏறத்தாழ ஒரு மாதக் குழந்தையைத் தயக்கமின்றி வாரிசாக ஏற்றது. உங்கள் வம்சாவளியில் இது ஒரு குறுக்குக் கோடாக மட்டுமே இருக்கிறது; நாவலாசிரியருக்கு இதற்குள்ளேயே ஒரு முழு அத்தியாயம் காத்திருக்கிறது.

அடுத்து லிஸ்பன். 1499இல் போர்ச்சுக்கல்லும் மிகேலை வாரிசாக ஏற்றது. ஆனால் சும்மா ஏற்கவில்லை. இரு முடிகளும் ஒரு தலையில் சேர்ந்தாலும் போர்ச்சுக்கல்லின் நிர்வாகப் பதவிகள் போர்ச்சுக்கீசியர் கையிலேயே இருக்கும் என்று மனுவேல் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் உண்மையிலேயே போர்ச்சுக்கல்லைப் பெற்றபோது, 1581இல் தொமார் நகரில் கூடிய அவையில் ஏறக்குறைய இதே வாக்குறுதிகளைத்தான் கொடுத்தார். ஆகவே மிகேலுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரே பேரரசு அன்று. தனித்தனிச் சட்டமும் தனித்தனிக் கருவூலமும் கொண்ட, ஒன்றையொன்று சந்தேகிக்கும் அரசுகளின் கூட்டு. அரகானும் காஸ்டிலும்கூட அன்று அந்த நிலையில்தான் இருந்தன.

ஹாப்ஸ்பர்க் குலத்தையும் நீங்கள் அவசரப்பட்டு அழித்துவிட்டீர்கள். மிகேல் இருந்தால், அவன் சித்தி ஹுவானாவின் மகனும் ஹாப்ஸ்பர்க் வாரிசுமான ஐந்தாம் சார்லஸுக்கு ஸ்பெயின் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் நெதர்லாந்துப் பகுதிகள் தந்தை வழியிலும், ஆஸ்திரியா தாத்தா மாக்ஸிமிலியன் வழியிலும் அவருக்கு வந்தே தீரும். உண்மையில் ஆட்டம் காண்பது 1519ஆம் ஆண்டுப் புனித ரோமானியப் பேரரசர் தேர்தல்தான். அதில் வாக்காளர் பிரபுக்களுக்குக் கொட்டப்பட்ட தொகை எட்டு லட்சம் கில்டர் பொற்காசுகளுக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம் கொடுத்த கடன். அந்தக் கடனை அடைக்கப் பின்னர் காஸ்டிலின் வருவாய்தான் பெரிதும் உதவியது. காஸ்டில் கையில் இல்லாத ஓர் இளைஞனுக்கு யாக்கோப் ஃபுக்கர் அவ்வளவு பணம் கொடுத்திருப்பாரா? நான் அவர் இடத்தில் இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

இங்கிலாந்து விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இங்கிலாந்து ரோமைவிட்டுப் பிரிந்தது எட்டாம் ஹென்றியின் மணவிலக்கால். அதற்குப் போப்பாண்டவர் இணங்காததற்கு ஒரு முக்கியக் காரணம், ஹென்றியின் மனைவியும் இசபெல்லாவின் கடைசி மகளுமான கேத்தரீனின் அக்காள் மகன் சார்லஸின் படை இத்தாலியில் நின்றது. மிகேலும் கேத்தரீனுக்கு அக்காள் மகன்தான். அரகான் முடியோடு நேப்பிள்ஸும் அவனுக்கே வந்திருக்கும். அக்காள் மகன் மாறுவானே தவிர, ஹென்றியின் தலைவலி தீராது.

கதை நகர வேண்டுமானால் 1504 நவம்பரில் தொடங்குங்கள். பாட்டி இசபெல்லா இறக்கிறாள். அவளிடம் வளர்ந்த மிகேலுக்கு அப்போது ஆறு வயது. காஸ்டில் அன்றே அவனுடையதாகிறது. அரகானுக்குத் தாத்தா 1516இல் இறக்கும் வரையும், போர்ச்சுக்கல்லுக்குத் தந்தை 1521இல் இறக்கும் வரையும் காத்திருக்க வேண்டும். அதுவரை சிறுவனின் பெயரால் காஸ்டிலை ஆள்வது தாத்தா ஃபெர்டினாண்டா, தந்தை மனுவேலா? இருவரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள் அல்லர். காஸ்டில் பிரபுக்களோ, யார் அதிகம் தருவார் என்று பார்த்துப் பக்கம் மாறுகிறவர்கள்.

இன்னொன்றும் உண்டு. இறந்துபோன மனைவியின் தங்கை மரியாவையே மனுவேல் 1500இல் மணந்தார். 1502இல் அவர்களுக்கு ஜுவாவ் பிறந்தான். மிகேல் உயிரோடிருந்தாலும் மனுவேல் யாரையாவது மறுமணம் செய்திருப்பார், மகனும் பிறந்திருக்கலாம். லிஸ்பனிலேயே வளர்கிற, காஸ்டிலின் நிழல் படாத அந்த இரண்டாம் மகனைப் போர்ச்சுக்கீசியப் பிரபுக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? நீங்கள் அனுப்பிய வம்சாவளியில் அவனுக்கு இடமே இல்லை. முதலில் அவனைச் சேருங்கள்.