சொந்த நிலத்தில் கண்ணி வைக்கலாமா?

கேள்வி: இரண்டு ஏக்கர் சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடித்ததும் கிளிக் கூட்டம் இறங்குகிறது. கொல்லாமல், கண்ணியில் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய் விடுவதும் தப்பா? (வாசகர், பல்லடம்)

தப்புதான். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதில் பிடிப்பதும், கண்ணி வைப்பதும், அதற்கான முயற்சியும், கூட்டையும் முட்டையையும் சிதைப்பதும் அடங்கும். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் விலக்குக் கிடையாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்க வேண்டிய உயிரினங்களை வரிசைப்படுத்தும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் பச்சைக்கிளி இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மயில் முதல் பட்டியல். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே மூன்றாண்டு. இரண்டாம் பட்டியல் உயிரினம் பயிரை அழித்தால் தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் அனுமதி தரலாம். அது கையில் வராமல் கண்ணியைத் தொடாதீர்கள்.

பிடிப்பதால் பலனும் இல்லை. பத்துக் கிளியை அகற்றினால் அடுத்த கூட்டம் வரும். கண்ணிக்குக் கிளி என்றும் கரிச்சான் என்றும் தெரியாது. புழு பிடித்துத் தின்னும் கரிச்சானும் சேர்ந்து மாட்டும்.

அதற்குப் பதில், சிவப்பும் வெள்ளியுமாக மின்னும் நாடாவைக் கட்டுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு குச்சி, கதிருக்கு ஓரடி மேலே, வடக்குத் தெற்காக. இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்டினால்தான் காற்றில் அதிர்ந்து இரையும். விதைத்ததுமே கட்டிவிட்டால் பறவை பழகிவிடும். பால் பிடிக்கும்போது கட்டுவதே சரி. புழு தின்னும் பறவைகள் உட்கார நட்ட ‘டி’ வடிவத் தாங்கிகளையும் அப்போது பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் கிளிக்கு நாமே இருக்கை போட்டுக் கொடுத்த கதைதான்.

கேள்வி: வேலியோரம் கட்டிய வலையில் கூகை சிக்கிக்கொண்டது. எப்படி எடுப்பது? (வாசகி, தாராபுரம்)

இழுக்காதீர்கள், இழுத்தால் இறகெலும்பு முறியும். இரண்டு பேர் வேண்டும். தலையில் பருத்தித் துணி போர்த்துங்கள், இருட்டில் அடங்கும். ஒருவர் முதலில் கால்களைப் பிடிக்கட்டும், நகம்தான் ஆபத்து. பிறகு இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடிக்கலாம். நெஞ்சை அழுத்தினால் மூச்சு முட்டிவிடும். மற்றவர் சின்னக் கத்தரியால் கால் பக்கமிருந்து இழைகளை வெட்டட்டும். வலையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். இறக்கை மடிப்பில் ஓர் இழை தங்கினாலும் ரத்த ஓட்டம் நின்று அழுகும், விரித்துப் பாருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, பொழுது சாய்ந்ததும் விடுங்கள். இறக்கை தொங்கினால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது இன்னொரு குற்றம்.

கட்டியது தங்கூசி வலையா? கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை இழைதான் எமன். வலை தேவையென்றால் கண்ணுக்குத் தெரியும் கனமான வலையை, தொய்வில்லாமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, காலையும் மாலையும் பாருங்கள். அறுவடை முடிந்த அன்றே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: சந்தையோரம் உயிரோடு கவுதாரி விற்கிறார்கள். வாங்கினால் நமக்கென்ன? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

கவுதாரியும் இதே சட்டம் காக்கும் காட்டுப்பறவைதான், வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். கறிதான் வேண்டுமென்றால் பண்ணை ஜப்பான் காடையைத் தாராளமாக வாங்குங்கள்.