ஐந்து நட்சத்திரம் இருந்தால் போதுமா? மின்சாதனம் வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்கப் போனேன். ஒன்று இந்த வருடத்துத் தயாரிப்பு, இன்னொன்று கடையில் சில வருடமாகத் தேங்கிக் கிடந்த சரக்கு. இரண்டுமே ஒரே அளவு, இரண்டிலும் ஐந்து நட்சத்திரம். பழையதற்கு நல்ல தள்ளுபடி தருகிறார்கள். எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நட்சத்திரத்துக்கும் காலாவதி உண்டு. லேபிளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எந்த ஆண்டுக் கணக்குப்படி அந்த நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பது அதிலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

தொழில்நுட்பம் முன்னேற முன்னேற எல்லாக் கம்பெனிகளின் சாதனங்களும் மேல் வகுப்புக்கு வந்துவிடும். அப்புறம் நட்சத்திரத்துக்கு அர்த்தமே இருக்காது. அதனால்தான் அரசுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை அளவுகோலை இறுக்குகின்றன. இந்தியாவில் ஏ.சி.களுக்கு 2018-லும் 2022-லும் அப்படி இறுக்கினார்கள். 2022-ல் முந்தின நாள் வரை ஐந்து நட்சத்திரமாக இருந்த பல ஏ.சி.கள் மறுநாள் நான்காக இறங்கின. சாதனத்தில் எதுவும் மாறவில்லை, மாறியது அளவுகோல்தான். ஐரோப்பாவிலும் இதே கதை. ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் 2021-ல் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு அந்தப் பிளஸ்களை அழித்துவிட்டு ஏ முதல் ஜி வரை புதிதாகத் தொடங்கினார்கள்.

ஆகவே இரண்டு லேபிளிலும் 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நான் எதை வாங்கப் போனாலும் முதலில் தேடுவது அதைத்தான். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, பத்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். வரும் தொகையைவிடத் தள்ளுபடி அதிகம் என்றால் தாராளமாகப் பழையதையே எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் அந்தந்த அளவுக்குள் நடக்கும் ஒப்பீடு. பெரிய ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ், சின்ன மூன்று நட்சத்திர ஃப்ரிட்ஜைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் நட்சத்திரத்தால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஃப்ரிட்ஜ்களைச் சில நாடுகள் தடை செய்கின்றனவே, இது ஏழைகளின் வயிற்றில் அடிப்பது ஆகாதா? புதிது வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. மின் சிக்கனக் கொள்கை என்றால் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது, நியாயமான சந்தேகமும்கூட.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் கழித்துப் போட்ட ஃப்ரிட்ஜ்கள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கின. வாங்கும்போது மலிவு. ஆனால் அங்கே வீடுகளில் ஓடிய ஃப்ரிட்ஜ்களை அளந்து பார்த்தபோது, சராசரியாக ஆண்டுக்கு 1,200 யூனிட் அளவுக்கு இழுத்தன. ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்கு மேல். தரக் கட்டுப்பாடு ஒழுங்காக உள்ள நாடுகளில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஆண்டு முழுக்க ஏறக்குறைய 250 யூனிட் போதும். அப்படியானால் வாங்கும்போது மிச்சம் பிடித்த காசை யார் கட்டுகிறார்கள்? அதே ஏழைக் குடும்பம்தான், மாதாமாதம், மின் கட்டணமாகக் கட்டுகிறது. அந்தப் பழைய பெட்டிகளில் இருந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் வகை என்பது தனி.

2008-ல் கானா சட்டம் போட்டது. ஆனால் அன்றைக்கே கதவை மூடவில்லை. வியாபாரிகள் வேறு வழி பார்த்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, 2013 ஜனவரியிலிருந்துதான் இறக்குமதித் தடையை நடைமுறைப்படுத்தினார்கள். தடையோடு நிறுத்தாமல் கூடவே இன்னொன்றும் செய்தார்கள்: பழைய ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியதற்குத் தள்ளுபடி. வாங்கிய பழையதை மறுபடி சந்தைக்கு விடாமல், வாயுவை எடுத்துவிட்டு உடைத்துப் பிரித்தார்கள். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வேலைதான். அது நடக்காவிட்டால் ஒரு வீட்டில் கழித்த பெட்டி அடுத்த தெருவில் இன்னும் ஏழையான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எனவே என் பதில்: தடை மட்டும் போட்டால் அது அநியாயம். தடையோடு கைத்தாங்கலும் கொடுத்தால் ஏழைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பழையதுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஒரு சோதனை. ரூபாய் நோட்டு ஒன்றையோ துண்டுக் காகிதத்தையோ கதவில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துச் சாத்துங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் நழுவி வந்தால் கதவின் ரப்பர் போய்விட்டது, குளிர் கசிகிறது என்று அர்த்தம். நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள், கீழ் மூலையை விட்டுவிடாதீர்கள். அப்புறம் கால் மணி நேரம் பக்கத்தில் நின்று கம்ப்ரஸர் சத்தத்தைக் கேளுங்கள். உள்ளே நன்றாகக் குளிர்ந்த பிறகும் ஓயாமல் ஓடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மின்வெட்டைத் தீர்க்க மின்நிலையம் கட்டாமல், அரசு ஏன் பல்பு விற்றுக்கொண்டிருக்க வேண்டும்?

இரண்டும் வேண்டும். ஆனால் குறைந்த மின்சாரத்தில் எரியும் பல்பைப் பரப்புவது மலிவான வழி. உங்கள் வீட்டில் ஒரு யூனிட் எரிய, மின்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் தயாரிக்க வேண்டும், ஏனென்றால் வரும் வழியிலேயே கம்பிகளில் கொஞ்சம் இழப்பாகிறது. இழப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், வீட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட் மின்நிலையத்தில் ஒன்றேகால் யூனிட். அதிலும் பல்பு எரிவது சாயங்காலம், எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டும் நேரம்.

இந்தியாவில் 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தைப் பாருங்கள். அரசு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஈஈஎஸ்எல், எல்.இ.டி. பல்புகளைக் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 2014-ல் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய். அரசு மானியம் கொடுத்து இறக்கிய விலை இல்லை இது. இவ்வளவு கோடி உறுதியாக விற்கும் என்று தெரிந்ததும் உற்பத்தியாளர்களே இறங்கி வந்தார்கள். திட்டத்தில் கைமாறியது 36 கோடிக்கு மேல். அந்தத் திட்டத்தில் வாங்காமல் சாதாரணக் கடையில் வாங்கியவருக்கும் விலை குறைந்தது. கொள்கை என்று சொல்லும்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

கேள்வி: பழைய ஏ.சி.யைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புது ஏ.சி. வாங்கினோம். மின் கட்டணம் குறையவில்லை, ஏறியிருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

அப்படி முடிவு கட்டவேண்டாம். மெக்சிகோவில் 2009-லிருந்து அரசே பழைய ஃப்ரிட்ஜ், ஏ.சி.களை வாங்கிக்கொண்டு புதியதற்கு உதவித்தொகை கொடுத்தது. பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் வீடுகளின் மின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் மாற்றிய வீடுகளில் சுமார் 8 விழுக்காடு குறைந்திருந்தது. எதிர்பார்த்ததில் கால் பங்குதான். ஏ.சி. மாற்றிய வீடுகளில் உபயோகம் கூடியிருந்தது!

ஃப்ரிட்ஜ் எப்படியும் நாள் முழுக்க ஓடுவது. ஏ.சி. அப்படியில்லை. பழையது சத்தம் போடும், சரியாகக் குளிராது, கட்டணத்துக்குப் பயந்து ஒரு மணி நேரத்தில் அணைத்துவிடுவோம். புதியது அமைதியாக ஓடும், 'சிக்கனமானதுதானே' என்று விடிய விடிய விட்டுவிடுவோம். வெயிலில் நிம்மதியாகத் தூங்குவதும் ஒரு பலன்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் குறைய வேண்டும் என்றால் 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல், ஃபேனையும் சேர்த்து ஓடவிடுங்கள். 2020 முதல் இந்தியாவில் விற்கும் ஏ.சி.களை 24 டிகிரியில்தான் தொடங்கும்படி அமைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. பெரும்பாலோர் ரிமோட்டில் இருக்கிற எண்ணை மாற்றுவதில்லை.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் இருப்பதிலேயே மலிவான ஃபேன், ஹீட்டர் எல்லாம் மாட்டி வைத்திருக்கிறார். கட்டணம் கட்டுவது நாங்கள். எந்தக் கொள்கை எங்களுக்கு உதவும்?

லேபிள் உதவாது. லேபிளைப் பார்த்து வாங்குகிறவர் வேறு, கட்டணம் கட்டுகிறவர் வேறு. இங்கே உதவுவது குறைந்தபட்சத் தரம் மட்டும்தான்: இந்த அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் சாதனம் சந்தைக்கே வரக்கூடாது என்ற விதி. அது இருந்தால் வீட்டுக்காரர் எதை வாங்கி மாட்டினாலும் ஓரளவு நல்லதாகவே இருக்கும். அந்த விதி எல்லாச் சாதனத்துக்கும் வரும்வரை, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள்.

ஹீட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். ஃபேனை மாற்றுங்கள். பழைய வகை சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. என்ற சிக்கன வகை மோட்டார் உள்ளது 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மிச்சம் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். வருடத்தில் 300 நாள் என்றால் 160 யூனிட். வீட்டுக்காரரின் பழைய ஃபேனைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். காலி செய்யும் அன்று அதைத் திரும்ப மாட்டிவிட்டு, உங்களுடையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.